சொன்னதும் எழுதியதும் - ஒரு கோல்ப் மைதானக் குத்தகை கற்றுத் தரும் பாடம்



"சிவன் சொத்து குலநாசம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உண்டியலில் கை வைப்பவனுக்கும் ஆலய நகையைக் களவாடுபவனுக்கும் சொன்ன எச்சரிக்கை அது என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். பினாங்கில் ஒரு சிறு ஆலயத்தின் நிர்வாகக் குழுவில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்த பிறகுதான் அதன் பொருள் இன்னும் விரிந்தது என்று உணர்ந்தேன். நான் கண்ட வரையில், அறச்சொத்தைத் திருடன் தின்றது குறைவு. நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து, முழுவதும் படிக்காத தாளில் கையெழுத்திட்ட நல்லவர்களால் போனதே மிகுதி. அந்த நல்லவர்களில் ஒருவனாக நானும் ஆகியிருப்பேன். எப்படித் தப்பினேன் என்பதையும், அப்போது எனக்குப் பாடமாக வந்த ஒரு கனடா நாட்டு வழக்கையும் இந்த மலர் வழியே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கையில் பேனாவுடன்

எங்கள் ஆலயத்தின் பின்புறம் ஏறக்குறைய முக்கால் ஏக்கர் நிலம் உண்டு. தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்த ஒரு மூதாட்டி, பிள்ளையில்லாத தம் சொத்தை ஆலயத்துக்கு எழுதி வைத்தார். அந்த நிலம் நெடுநாள் வெறுமனே கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டு நிறுவனத்தார் எங்களை அணுகினார்கள். கூரையிட்ட பந்து மைதானமும் சிறு நீச்சல் குளமும் கட்டிக் கட்டணத்துக்கு விடப் போவதாகச் சொன்னார்கள். முப்பது ஆண்டுக் குத்தகை வேண்டும். மாத வாடகை 3,000 ரிங்கிட் தருவோம் என்றார்கள்.

பொதுக்கூட்டத்தைக் கூட்டினோம். "ஐந்தாண்டுக்கு ஒருமுறை அன்றைய மதிப்புக்கு ஏற்ப வாடகையைத் திருத்திக்கொள்வோம்" என்று நான் மேடையில் நின்று சொன்னேன். உறுப்பினர்கள் கைதட்டி ஒப்புதல் அளித்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒப்பந்தத்தின் வரைவு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம் என்ற சொல் அதில் இருந்தது. அடுத்த வரியில், எந்தத் திருத்தமும் முந்தைய வாடகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் இருந்தது.

அதை நான் படிக்காமல் இல்லை. படித்தேன். "சின்ன மாற்றம்தானே, இதற்காக மறுபடியும் பொதுக்கூட்டமா" என்று எண்ணிப் பேனாவை எடுத்தேன். எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, இதை நாம் கூட்டத்தில் சொன்னோமா?" என்று கேட்டார். "இல்லை டீச்சர்" என்றேன். "அப்படியென்றால் இது நமக்குக் கொடுத்த அனுமதியில் இல்லை" என்றார். அன்று கையெழுத்து நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஐந்தாண்டுக்கு 5 விழுக்காடு என்றால், முப்பது ஆண்டுக் குத்தகையின் கடைசி ஐந்தாண்டிலும் மாத வாடகை ஏறத்தாழ 3,829 ரிங்கிட்தான். நான் சின்ன மாற்றம் என்று நினைத்தது, ஒரு தலைமுறைக்கு அந்த மூதாட்டியின் கொடையைக் கட்டிப்போடும் கயிறு.

வழக்கறிஞர் தொழிலில் இருக்கும் என் உறவுக்காரப் பையன் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, இதே கதை கனடாவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது" என்று ஒரு தீர்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். பல இரவுகள் அதைப் படித்தேன். படித்ததைச் சுருக்கி எழுதுகிறேன்.

வான்கூவர் நகரின் ஓரத்தில்

கனடாவின் மேற்குக் கரையில் உள்ள பெருநகரம் வான்கூவர். அந்நகரின் ஓரத்தில், பிரேசர் ஆறு கடலில் சேரும் இடத்தருகே மஸ்குவியம் என்னும் பூர்வகுடி மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகிறார்கள். அவர்களுடைய பரந்த நாட்டில் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது 416 ஏக்கர் அளவுள்ள ஒரு துண்டு நிலம். அது தனி ஒருவருக்கு உரியதன்று. அந்தக் குழுமம் முழுவதற்கும் பொது.

நகரம் வளர்ந்து அந்த நிலத்தைச் சூழ்ந்தது. 1955-இல், அப்பகுதிக்குப் பொறுப்பாக இருந்த அரசு அதிகாரியே, மாநகரத்தில் எதிர்காலத்தில் மிகுந்த மதிப்பு பெறக்கூடிய நிலம் இதுதான் என்று தம் மேலிடத்துக்கு எழுதினார். இதனைத் திட்டமிட்டுப் பயன்படுத்த அனுபவமும் தொலைநோக்கும் உடைய வல்லுநர் ஒருவர் வேண்டும் என்றும், தம் அலுவலகத்தால் இவ்வளவு பெரிய காரியத்தை நடத்த இயலாது என்றும் அவர் எழுதினார். நிலத்தின் அருமை யாருக்கும் தெரியாமல் இல்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அன்றைய கனடா நாட்டுச் சட்டப்படி, பூர்வகுடி மக்கள் தம் ஒதுக்கீட்டு நிலத்தை வெளியாருக்கு நேரடியாகக் குத்தகைக்கு விட முடியாமல் இருந்தது. முதலில் அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அரசு அவர்கள் சார்பில் குத்தகைக்கு விட்டது. நம் ஊரில் ஆலய நிலத்துக்கு அறங்காவலர் கையெழுத்திடுவதைப் போன்ற ஓர் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். மேலும் 1927 முதல் 1951 வரை, நில உரிமைக்கு வழக்காடுவதற்காக இம்மக்களிடையே பணம் திரட்டுவதையே சட்டம் தடுத்திருந்தது. ஆகவே வழக்கறிஞரை வைத்துக் கேள்வி கேட்கும் பழக்கம் வேரூன்ற அவர்களுக்கு வாய்ப்பே இருக்கவில்லை.

அதே காலத்தில் அந்நகரில் ஷானெஸி என்னும் பெயருடைய கோல்ப் மனமகிழ் மன்றம் ஒன்று புதிய இடம் தேடிக்கொண்டிருந்தது. ஒரு இரயில்வே நிறுவனத்தின் நிலத்தில் அது குத்தகைக்கு இருந்து வந்தது. அந்த இடம் கைவிட்டுப் போகும் நிலை. அந்தப் பழைய மைதானத்தில் இன்று வான்டூசன் தாவரவியல் பூங்கா இருக்கிறது. நிலம் இல்லாமல் போவது எப்படிப்பட்டது என்று அறிந்திருந்த மன்றத்தார் தமக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்டார்கள். அதில் தவறில்லை, வாடகைக்கு வருபவர் தம் நலனைப் பார்ப்பது இயற்கை. நிலத்தின் பக்கம் நின்று பேச வேண்டியவர்கள் பேசினார்களா என்பதே கேள்வி.

மன்றம் முதலில் ஆண்டுக்கு 25,000 டாலர் வாடகை தருவதாகச் சொன்னது. பின்னர் 29,000 டாலருக்கு இசைந்தது. 162 ஏக்கருக்கு இந்தத் தொகை. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 179 டாலர். மதிப்பீட்டாளர் ஒருவர் அந்த மேட்டு நிலத்தை ஏக்கர் 5,500 டாலர் என்று மதிப்பிட்டிருந்தார். குடியிருப்புக்கே அது மிகவும் ஏற்றது என்றும் சொல்லியிருந்தார். அவர் கணக்குப்படி மொத்த மதிப்பு 891,000 டாலர். 29,000 டாலர் வாடகை என்பது அதில் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நூற்றுக்கு 6 என்று கணக்கிட்டிருந்தால் 53,460 டாலர் வந்திருக்கும்.

பிறகு ஏன் அந்த மதிப்பீட்டாளர் 29,000 போதும் என்றார்? மைதானமும் கட்டடங்களும் இறுதியில் நில உரிமையாளருக்கே வந்து சேரும் என்று அவர் நம்பியிருந்தார். பதினைந்து ஆண்டு கழித்து வாடகையைத் தாராளமாக உயர்த்தலாம் என்றும் நம்பியிருந்தார். இரண்டுமே ஒப்பந்தத்தில் இல்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் 4 முதல் 6 விழுக்காடு வரை கேட்கச் சொல்லியிருப்பேன் என்று பின்னாளில் அவரே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். ஆலோசகரை வைத்துக்கொள்வது பெரிதன்று. அவரிடம் முழுத் தாளையும் கொடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதே பெரிது என்பது இதிலிருந்து தெரிகிறது.

கூட்டத்தில் சொன்னது, குத்தகையில் எழுதியது

1957 அக்டோபர் 6-ஆம் நாள் குழும மக்கள் கூடினார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்காக அரசிடம் ஒப்படைக்க வாக்களித்தார்கள். ஒப்படைப்புப் பத்திரத்தில், மக்கள் நலனுக்கு உகந்தது என்று அரசு கருதும் நிபந்தனைகளின்படி குத்தகைக்கு விடலாம் என்று பொதுவாகவே எழுதப்பட்டிருந்தது. விவரங்கள் எல்லாம் வாய்மொழியாகத்தான் பேசப்பட்டன.

அந்தக் கூட்டத்தில் மக்கள் புரிந்துகொண்டது என்ன? முதல் தவணை முடிந்ததும் பத்தாண்டுக்கு ஒருமுறை வாடகை பேசப்படும் என்பது ஒன்று. வாடகை உயர்வுக்கு உச்ச வரம்பு இராது என்பது மற்றொன்று.

1958 ஜனவரி 22-ஆம் நாள் குத்தகை கையெழுத்தானது. அதில் இருந்தவை இவை:

குத்தகைக் காலம் 75 ஆண்டுகள். வாடகைத் திருத்தம் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டாம் பதினைந்தாண்டுக்கான உயர்வு 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதாவது 1973 முதல் 1987 முடிய ஆண்டுக்கு 4,350 டாலர்தான் கூட்டலாம். பின்வரும் திருத்தங்களில் நியாய வாடகையைக் கணக்கிடும்போது, நிலம் காடு வெட்டாமல், எந்த மேம்பாடும் செய்யாமல் கிடப்பதாகவும், கோல்ப் மன்றத்துக்கு மட்டுமே பயன்படுவதாகவும் எண்ணிக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு பதினைந்தாண்டு முடிவிலும் ஆறு மாத முன்னறிவிப்போடு மன்றம் விலகிக்கொள்ளலாம். நிலத்தின் தரப்புக்கு அந்த உரிமை இல்லை. கட்டடங்களையும் மைதான மேம்பாடுகளையும் மன்றம் பெயர்த்து எடுத்துச் செல்லலாம்.

வாடகையை எப்படிக் கணக்கிடுவது என்பதும், மன்றம் இடையில் விலகலாம் என்பதும் அக்டோபர் கூட்டத்தில் மக்களுக்கு விளக்கப்படவே இல்லை. கூட்டத்துக்குப் பிறகு யாரும் மக்களிடம் திரும்பி வரவும் இல்லை. குத்தகைப் பத்திரத்தின் பிரதி அவர்கள் கைக்குக் கிடைத்தது 1970 மார்ச் மாதம். பன்னிரண்டு ஆண்டுகள் தங்கள் சொந்த நிலத்தின் குத்தகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்!

1970-களில் எண்ணெய் நெருக்கடி வந்து உலகெங்கும் விலைவாசி ஏறியது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பதினைந்து ஆண்டு முழுவதும் 162 ஏக்கருக்கு ஆண்டு வாடகை 33,350 டாலரைத் தாண்ட வழியில்லை.

நீதி கிடைக்க 27 ஆண்டுகள்

1975 டிசம்பரில் குழுமம் வழக்குத் தொடுத்தது. அப்போதைய தலைவர் டெல்பர்ட் கெரின் பெயரால் இவ்வழக்கு இன்றும் "கெரின் வழக்கு" என்றே அழைக்கப்படுகிறது. அவர்கள் வழக்காடியது கோல்ப் மன்றத்தின் மீதன்று. தங்கள் சார்பில் கையெழுத்திட்ட கனடா அரசின் மீது. இதனை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். வாடகைத் தகராறு என்றால் குடியிருப்பவரோடுதான் என்று நினைக்கிறோம். பல வேளைகளில் அதன் வேர், உரிமையாளருக்கும் அவர் பேரால் கையெழுத்திட்டவருக்கும் இடையில் இருக்கிறது.

1981-இல் முதல் நீதிமன்றம் ஒரு கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. உண்மை நிபந்தனைகள் தெரிந்திருந்தால் மக்கள் ஒப்படைத்தே இருக்கமாட்டார்கள் என்றும், அந்நிலத்தைக் குடியிருப்புக்கு நெடுங்காலக் குத்தகையாக விட்டுப் பயனடைந்திருக்கலாம் என்றும் நீதிபதி கண்டார். 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 1984 நவம்பர் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பையே மீண்டும் நிலைநாட்டியது.

உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பளித்தவர்கள் எட்டு நீதிபதிகள். மூன்று வழிகளில் சிந்தித்தார்கள். சிலர், ஒப்படைப்பின் வழியே அரசு சட்டப்படியான அறங்காவலர் ஆகிவிட்டது என்றார்கள். சிலர், அறங்காவலர் என்ற பெயர் பொருந்தாவிட்டாலும் அதே அளவு கண்டிப்பான நம்பிக்கைப் பொறுப்பு அரசுக்கு உண்டு என்றார்கள். ஒருவர், அரசு மக்களின் முகவர். முகவர் தம்மை அமர்த்தியவரின் சொல்லை மீறலாகாது என்றார். காரணம் மூன்று, முடிவு ஒன்று.

அரசின் தரப்பு வாதம் என்ன தெரியுமா? பத்திரத்தில் எங்கள் விருப்பப்படி விடலாம் என்றுதானே எழுதியிருக்கிறது என்றார்கள். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்ன நிபந்தனைகளை நம்பித்தான் மக்கள் வாக்களித்தார்கள். அவற்றைப் பெற முடியாமல் போனபோது, மக்களிடம் திரும்பிச் சென்று நிலைமையை எடுத்துச் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் மதிப்புக் குறைந்த குத்தகையில் கையெழுத்திட்டது நம்பிக்கையை மீறிய செயல் என்று தீர்ப்பாயிற்று. காலம் கடந்து வந்த வழக்கு என்ற வாதமும் எடுபடவில்லை. பத்திரமே 1970-இல்தான் அவர்கள் கண்ணில் பட்டது. அதற்கு முன் எப்படி வழக்காடுவார்கள்?

இந்தத் தீர்ப்பில் என்னை உறங்கவிடாமல் செய்த பகுதி ஒன்று உண்டு. அந்த அதிகாரிகள் நேர்மையற்றவர்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கையூட்டு வாங்கினார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தீய நோக்கம் அவர்களுக்கு இல்லை. அப்படியிருந்தும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மறைத்தது, அறநெறி முறையில் வஞ்சனைக்கு ஒப்பானது என்றே தலைமை நீதிபதி டிக்சன் எழுதினார். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் முகம் அந்த வரிகளில் தெரிந்தது.

எழுதிய சொல் எழுந்து வரும்

ஒரு கோடி டாலர் கிடைத்ததோடு கதை முடிந்துவிடவில்லை. குத்தகை அப்படியே நின்றது. அம்மைதானத்தில் 2005-இலும் 2011-இலும் கனடா பொதுக் கோல்ப் போட்டி நடந்தது. பிற்காலத்தில் தம் நிலத்தில் குத்தகை உள்ளவர்களிடம் சொத்து வரி வசூலிக்கும் அதிகாரம் மஸ்குவியம் குழுமத்துக்குக் கிடைத்தது. வரிக்காக அந்நிலத்தை எப்படி மதிப்பிடுவது என்று மறுபடியும் தகராறு. குடியிருப்பு நிலமாக மதிப்பிட வேண்டும் என்றது குழுமம். கோல்ப் மன்றத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று குத்தகையில் உள்ள கட்டுப்பாட்டைக் கணக்கில் எடுத்தார் மதிப்பீட்டாளர். அப்படி எடுப்பது சரியே என்று 2016 செப்டம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் குழுமத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது.

1958-இல் எழுதிய வரி 58 ஆண்டு கழித்தும் எழுந்து வந்து வரி வருமானத்தைக் குறைத்தது. 75 ஆண்டுக் குத்தகை 2032-ஆம் ஆண்டின் இறுதியில் முடிகிறது. 1957 கூட்டத்தில் கைக்குழந்தையாக இருந்தவருக்கு அப்போது 75 வயது ஆகியிருக்கும்.

நம் நிலமும் நம் சட்டமும்

"அது கனடா, நமக்கென்ன?" என்று கேட்கலாம். ஆங்கிலேயர் வகுத்த அறக்கட்டளைச் சட்ட மரபு நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது. நீரிணைக் குடியேற்றங்களில் இந்து, முஸ்லிம் அறச்சொத்துகளை நெறிப்படுத்த 1905-இல் சட்டம் வந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இன்றுள்ள இந்து அறப்பணி வாரியங்களின் வரலாறு அதிலிருந்து தொடங்குகிறது. சிங்கப்பூர் பின்னர் 1968-இல் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. பிறர் கொடுத்த சொத்தைப் பிறருக்காகக் காப்பவன் தன் சொத்தைவிடக் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை.

வாடகை ஓரிடத்தில் உறைந்து நின்றால் என்னவாகும் என்பதைப் பினாங்கு மக்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. அதை நீக்கும் சட்டம் 1997-இல் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோதுதான் கட்டுப்பாடு முற்றிலும் விலகியது. அதுவரை பழைய வாடகையில் கூரை ஓட்டைக்கூட மாற்ற முடியாமல் தவித்த உரிமையாளர்கள் பலர். சட்டம் கட்டிப்போட்டால் நாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நாமே கையெழுத்துப் போட்டு நம்மைக் கட்டிக்கொள்வது எதற்கு?

கட்டடம் யாருடையது என்பதும் சிறிய கேள்வியன்று. சென்னையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் ஆலயத்தின் நிலத்தில் ஒரு மனமகிழ் மன்றம் நெடுங்காலம் குடியிருந்து வந்தது. சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் 1922 முதல் நடப்பில் உள்ளது. பிறர் நிலத்தில் கட்டடம் எழுப்பிய குடியிருப்பாளர், நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு அந்த நிலத்தையே வாங்கிக்கொள்ளக் கோரும் உரிமையை அச்சட்டம் தந்தது. ஆலயம் முதலான சமய அமைப்புகளின் நிலங்களுக்கு 1996-இல் தமிழக அரசு விலக்கு அளித்தது. அந்த விலக்கை எதிர்த்து மயிலாப்பூர் மன்றம் தொடுத்த வழக்கில், விலக்கு செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. வாடகைக்கு விட்டோம் என்று நாம் நினைத்திருக்க, கட்டடத்தின் வழியாக நிலமே கைமாறும் வாய்ப்பும் சட்டத்தில் இருந்திருக்கிறது!

நம் தீபகற்ப மலேசியாவில் தேசிய நிலச் சட்டத்தின்படி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். நிலம் முழுவதற்கும் என்றால் 99 ஆண்டு வரையிலும், ஒரு பகுதிக்கு என்றால் 30 ஆண்டு வரையிலும் குத்தகை விடலாம். பதிவான குத்தகை நிலப் பட்டாவில் ஏறிவிடும். அடுத்து வரும் நிர்வாகக் குழு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை எளிதில் அழிக்க இயலாது.

நான் எழுதி வைத்துக்கொண்ட ஐந்து கேள்விகள்

ஒன்று: கூட்டத்தில் சொன்னதும் தாளில் எழுதியதும் ஒன்றுதானா? ஒரு சொல் மாறினாலும் கூட்டத்துக்குத் திரும்பிச் சென்று சொல்ல வேண்டும்.

இரண்டு: வாடகைத் திருத்தம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? உச்ச வரம்பு உண்டா? திருத்தத்தின்போது நிலத்தை எந்த நிலையில் வைத்து மதிப்பிடுவது? இம்மூன்றும் தனித்தனிக் கேள்விகள்.

மூன்று: குத்தகை முடியும்போது கட்டடம் யாருக்கு?

நான்கு: இடையில் விலகும் உரிமை அவருக்கு மட்டுமா, நமக்கும் உண்டா?

ஐந்து: ஒப்பந்தப் பிரதி எங்கே இருக்கிறது? உறுப்பினர் ஒருவர் கேட்டால் அன்றே காட்ட முடியுமா?

நாங்கள் செய்தது

மறுபடியும் பொதுக்கூட்டம் கூட்டினோம். வரைவை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். முதல் கூட்டத்தில் நான் சொன்னதற்கும் தாளில் உள்ளதற்கும் வேறுபாடு இருப்பதையும், கூட்டாமலே கையெழுத்திட நினைத்ததையும் மறைக்காமல் சொன்னேன். உச்ச வரம்பு வேண்டாம், கட்டடம் ஆலயத்துக்கே சேர வேண்டும் என்று உறுப்பினர்கள் தீர்மானித்தார்கள். அந்த நிறுவனத்தார் எங்கள் நிபந்தனைக்கு இசையவில்லை. முகம் கோணாமல் நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் பின் இரண்டு ஆண்டுகள் நிலத்தில் லாலாங் புல்தான் வளர்ந்தது. மாதம் 3,000 ரிங்கிட் என்றால் இரண்டு ஆண்டில் 72,000 ரிங்கிட். "வந்த லட்சுமியைச் செயலாளர் வாசலோடு அனுப்பிவிட்டார்" என்று என் காதுபடவே பேசினார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஓர் ஆண்டுத் திருவிழாவின்போது புல்வெட்டும் கூலியை நானே கொடுத்தேன். என் முடிவு தவறோ என்று இரவில் யோசித்ததும் உண்டு.

மூன்றாம் ஆண்டு பூப்பந்துக் கூடம் நடத்த ஒருவர் வந்தார். மூன்று ஆண்டு வாடகை ஒப்பந்தம். மாதம் 2,400 ரிங்கிட்; முன்பு பேசியதைவிடக் குறைவுதான். மூன்று ஆண்டு முடிந்ததும் இரு தரப்பும் உட்கார்ந்து பேசிப் புதுப்பித்தோம்; வாடகை 3,200 ஆயிற்று. அந்தப் பணத்தில் ஆலயத்தின் மாலை நேர வகுப்புக்கு ஆசிரியர் ஊதியம் கொடுக்கிறோம். ஒப்பந்தத்தின் பிரதி ஆலய அலுவலகத்தில் ஒரு நீலக் கோப்பில் இருக்கிறது. பொருளாளர் டீச்சர் இன்று நம்மிடையே இல்லை. அந்தக் கோப்பின் மேல் அவர் கைப்பட எழுதிய "யார் கேட்டாலும் காட்டவும்" என்ற சொற்கள் இன்னும் இருக்கின்றன.

அறக்கொடையாளர்களே, நீங்கள் கொடுத்ததை யார் எப்படிக் காக்கிறார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், உங்கள் ஆலயத்தின் குத்தகைகள் எத்தனை, எப்போது முடிகின்றன, அடுத்த வாடகைத் திருத்தம் என்றைக்கு என்று அன்போடு கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லும் பழக்கம் வரும். நிர்வாகப் பொறுப்பில் உள்ள அன்பர்களே, பேனாவை எடுக்குமுன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்; கொடுத்தவரும், இன்னும் பிறக்காத பிள்ளைகளும் உங்கள் பின்னால் நிற்கிறார்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நம் ஆலயங்களையும் அவற்றைக் காப்பவர்களையும் நல்வழியில் நடத்துவானாக.